இரவு ஒன்பதேகாலும் பிளாஸ்மாக் குமிழிகளும்

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த வெளியேற்றத்தைப் பற்றி இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது, அந்த நாட்களில் எங்கள் கிடுகுக் கொட்டிலில் இருந்த ஒரு றேடியோவைப் பற்றியும், அந்த றேடியோவைப் படாத பாடு படுத்திய வானத்தைப் பற்றியும்தான்.

றேடியோ சாச்சாவுடையது. சாரத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இஷாத் தொழுகை முடிந்ததும் ஆண்கள் எல்லாரும் எங்கள் வாசலில் கூடிவிடுவார்கள். ஒன்பதேகாலுக்கு லண்டன் பீபீசியின் தமிழோசை. ஊரில் என்ன நடக்கிறது, வீடுகள் நிற்கின்றனவா, திரும்பிப் போக வழி பிறக்குமா என்று அறிய எங்களுக்கு அதை விட்டால் வேறு கதி இருக்கவில்லை. செய்தி தொடங்கும்போது நன்றாகவே கேட்கும். பிறகு வாசிப்பவரின் குரல் நடுங்கத் தொடங்கும். சிற்றலையில் ஓசை மெல்லக் குறைந்து மெல்லக் கூடுவது எல்லோருக்கும் பழக்கம், அது வேறு. இது, சுழலும் மின்விசிறிக்கு முன்னால் நின்று பேசினால் குரல் வெட்டுப்படுமே, அந்த மாதிரி. ஒரு செக்கனுக்குள் பத்துத் தடவை உடைந்து உடைந்து வரும். "மன்னார்" என்ற சொல் காதில் விழும். அதற்குப் பிறகு வருவது ஒன்றும் பிடிபடாது.

பற்றறிக்கு முகாமில் எல்லாரும் சில்லறை சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். வாங்கி வந்தவர் சாச்சா. ஓர் இரவு வாப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"புதுப் பற்றறிக்குத்தானே காசு தந்தம்? எங்க போய்ப் பழசப் பொறுக்கிட்டு வந்த நீ?"

"புதுசுதான் நானா. அல்லாஹ் அறியப் புதுசு."

"மிச்சக் காசு எங்க?"

அத்தனை பேருக்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்வி அது. சாச்சா மறுபேச்சுப் பேசவில்லை. அன்ரனாக் கம்பியைத் தென்னையில் இன்னும் உயரத்தில் கட்டிப் பார்த்தார், சரிவரவில்லை. இரண்டு நாளில் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புத்தளம் பக்கத்து முகாம் ஒன்றுக்குப் போய்விட்டார். றேடியோவை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். டிசெம்பரில் வாப்பா தானே போய்ப் புதுப் பற்றறி வாங்கி வந்து போட்டார். குரல் தெளிவாகக் கேட்டது, நடுக்கமே இல்லை. "பாத்தீங்களா?" என்றார் எல்லாரிடமும். அதோடு வழக்கு முடிந்தது. பிறகு பெருநாளைக்குச் சந்தித்தால் ஒரு ஸலாம், அவ்வளவுதான். சாச்சா 2009இல் மௌத்தானார்.

பேராதனையில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தபோது விரிவுரையாளர் ஒருவர் இரண்டு படங்களைச் சுவரில் காட்டினார். தரையிலிருந்து வானை நோக்கி வானொலி அலைகளை அனுப்பி, அவை எந்த உயரத்தில் பட்டுத் திரும்புகின்றன என்று வரைந்த கோடுகள். முதலாவதில் கோடு கூராக இருந்தது. இரண்டாவதில் ஈரத் தாளில் மை ஊறியது போலப் பரவிக் கிடந்தது. "இரண்டாவது படம் நம்முடைய பிரதேசத்து நோய். பொழுது பட்டபின்தான் வரும். இது வந்தால் சிற்றலையில் குரல் நடுங்கும்" என்றார். அந்த விரிவுரையின் மிச்சம் என் காதில் ஏறவில்லை.

அந்த "நோயின்" கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன். கடந்த ஏழெட்டு வருடங்களில் இது பற்றித் தெரியவந்திருப்பவை முந்திய எண்பது வருடங்களில் தெரிந்தவற்றோடு போட்டி போடக்கூடியவை.

திண்மம், திரவம், வாயு என்று மூன்று நிலைகளைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். நான்காவது பிளாஸ்மா. அணுவிலிருந்து இலத்திரன் கழன்று, இலத்திரன்களும் அயன்களும் கலந்து கிடக்கும் மின்னேற்றப்பட்ட வாயு. சூரியனும் நட்சத்திரங்களும் பிளாஸ்மாதான். ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நம் தலைக்கு மேலே 100 கிலோமீற்றருக்கு அப்பால் சூரியனின் கழியூதாக் கதிர்கள் காற்றின் அணுக்களை உடைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பகுதிதான் அயனமண்டலம். 300 கிலோமீற்றர் அளவில் அது மிகவும் அடர்ந்திருக்கும். லண்டனிலிருந்து பேசுகிற குரல் பூமியின் வளைவைத் தாண்டிக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தது, இந்தப் படையில் பட்டுத் தெறித்துத்தான்.

பூமிக்கு இரண்டு மத்திய கோடுகள் உண்டு. ஒன்று தேசப்படத்தில் இருப்பது. அது இலங்கைக்குத் தெற்கே, கடலில். மற்றது காந்த மத்திய கோடு. திசையறிகருவியின் ஊசியைக் குத்தாகத் தொங்கவிட்டால் மேலும் சாயாமல் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களைச் சேர்த்த கோடு அது. நம் பகுதியில் அது இந்தியாவின் தென்முனையை ஒட்டி வந்து நமது தீவின் வடபாதிக்குக் கிட்டவாகப் போகிறது. மன்னாரும் புத்தளமும் அதன் அயல்தான். 1963இல் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவக் கிராமத்தை இந்தியா தன் முதலாவது ரொக்கற் ஏவுதளத்துக்குத் தெரிவு செய்ததற்குக் காரணமே இந்தக் கோடுதான். அவ்வாண்டு நவெம்பர் 21ஆம் திகதி அங்கிருந்து ஏவப்பட்ட முதலாவது ரொக்கற், மேலே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கியது. அந்த ரொக்கற்றைப் பொருத்தும் வேலையில் நின்ற இளைஞர்களில் ஒருவர் அப்துல் கலாம். மன்னார்க் கரையில் நின்று பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இராமேஸ்வரத்துப் பிள்ளை.

காந்தக் கோடுகள் இங்கே வடக்குத் தெற்காகக் கிடையாக ஓடுகின்றன. மின்னேற்றமுள்ள துணிக்கைகளுக்கு அந்தக் கோடுகளை ஊடறுத்துக் கீழே விழ முடியாது. கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவர் மாதிரி, பிளாஸ்மா அந்தக் கோடுகளின்மேல் கிடக்கிறது. பகலில் கிழக்கு நோக்கிய ஒரு மின்புலம் அங்கே உண்டாகிறது. அது காந்தப்புலத்தோடு சேர்ந்து பிளாஸ்மாவை மேலே தூக்குகிறது. தூக்கிய பிளாஸ்மா நீர்த்தாரை போல இரு பக்கமும் சரிந்து, வடக்கே அஹமதாபாத், கல்கத்தா அளவிலும், தெற்கே அதேயளவு தூரத்திலும் குவிகிறது. பொழுது படுகிற வேளையில் அந்த மின்புலம் ஒரு தடவை வீறுகொண்டு, பிளாஸ்மாவைக் கடைசியாக ஓர் உந்து உந்திவிட்டுத்தான் திசை மாறும். சரியாக அதே நேரத்தில் கீழ்ப்படையில் வெயில் போய்விடுவதால், அங்குள்ள இலத்திரன்கள் அயன்களோடு வேகமாகத் திரும்பச் சேர்ந்து பிளாஸ்மா மெலிந்துவிடுகிறது. ஆக, மஃரிபுக்குப் பிறகு நிலைமை இதுதான்: மேலே கனமானது, கீழே இலேசானது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு போத்தலில் பாதி தேங்காயெண்ணெயும் பாதித் தண்ணீரும் ஊற்றி இறுக்கி மூடுங்கள். எண்ணெய் மேலே நிற்கும். போத்தலைச் சட்டென்று தலைகீழாகத் திருப்புங்கள். இப்போது கனமான தண்ணீர் மேலே. ஒரு கணம்கூட அது சமதளமாக நிற்காது. எல்லையில் எங்கோ ஒரு சின்ன நெளிவு. அந்த நெளிவு விரலாக நீண்டு, எண்ணெய் குமிழிகளாக மேலே ஓடும். இதைக் கணக்காக எழுதியவர்கள் ரேலி, டெய்லர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். அயனமண்டலத்தில் நடப்பதும் இதே கூத்துத்தான், புவியீர்ப்போடு மின்னும் காந்தமும் சேர்ந்துகொள்கின்றன என்பதே வித்தியாசம். கீழேயுள்ள மெலிந்த பிளாஸ்மா குமிழியாகித் துளைத்துக்கொண்டு மேலே போகும், சில வேளை 1000 கிலோமீற்றருக்கும் மேலே. குமிழி என்றதும் உருண்டையாக நினைக்கக் கூடாது. காந்தக் கோடுகளை ஒட்டி வடக்குத் தெற்காக ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீண்ட, தோடம்பழச் சுளை போன்ற வடிவம். அதற்குள்ளே இலத்திரன்கள் வெளியே உள்ளதில் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, அதற்கும் குறைவு. இரவு முழுக்க அது கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்.

இப்படித் துளைகள் விழுந்த கூரையில் பட்டு வருகிற வானொலி அலை ஒரே வழியாக வராது. பல வழிகளால் வந்து ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் விளையாடும். அதுதான் எங்கள் செய்தியாளரின் தொண்டைக்குள் சுழன்ற மின்விசிறி.

இந்தக் குழப்பத்தின் தடயத்தை 1938இல் பெருநாட்டின் ஹுவன்காயோவில் புக்கர், வெல்ஸ் என்ற இருவர் முதலில் விவரித்தார்கள். என்ன காரணம் என்று அவர்களுக்குத் தெரியாது. 1976இல் அதே நாட்டில் லீமாவுக்குப் பக்கத்து ஹிகாமர்க்கா றேடார், குமிழி எழும்புவதைப் புகைபோல் படமாக வரைந்து காட்டியது. 18,432 அன்ரனாக்களை ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கில் பரப்பிச் செய்த றேடார் அது. அந்தப் படத்தை வெளியிட்ட இருவரில் ஒருவரான ரொனால்ட் வுட்மன் பெருநாட்டவரே. துருவத்து ஒளியைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் சொல்கிறது. தங்கள் தலைக்கு நேர் மேலே நடப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெருநாட்டுப் பிள்ளைகளுக்காவது சொல்கிறார்கள் என்று நம்புகிறேன்.

இதுவரை பழைய கதை. ஒரு றேடார் தன் தலைக்கு மேலே வருவதை மட்டும் பார்க்கும், ஒரு செய்மதி தான் போகும் வழியில் உள்ளதை மட்டும் பார்க்கும். முழு வானையும் ஒரே பார்வையில் பார்க்க ஆளில்லை. 2018இல் அந்தக் குறை தீர்ந்தது. "கோல்ட்" என்ற நாசாவின் கருவி, ஒரு வர்த்தகத் தொடர்பாடல் செய்மதியின் முதுகில் ஏறிப் போய், பிறேசிலுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டது. இரவில் ஒட்சிசன் அயன்கள் இலத்திரன்களோடு சேரும்போது கண்ணுக்குத் தெரியாத மங்கலான கழியூதா ஒளி எழும். அதைக் கருவி படமெடுக்கிறது. பிளாஸ்மா உள்ள இடம் ஒளிரும். குமிழி உள்ள இடம் இருண்ட கீறலாகத் தெரியும். மத்திய கோட்டின் இரு பக்கத்து ஒளிப்பட்டைகளை இந்தக் கீறல்கள் வரிவரியாக வெட்டிக்கொண்டு நிற்பதை முதன்முறை பார்த்தபோது, எங்கள் முகாம் கொட்டிலின் கிடுகு இடுக்குகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

அந்தப் படங்கள் விஞ்ஞானிகள் எதிர்பார்த்தவற்றை மட்டும் காட்டவில்லை. 2024இல் வெளிவந்த முடிவுகளில், பிளாஸ்மாப் பட்டைகள் எக்ஸ் என்ற எழுத்து வடிவில் குறுக்கிடுவது சொல்லப்பட்டது. சூரியப் புயலுக்குப் பிறகு அப்படி வரும் என்று முன்பே தெரியும். ஆனால் புயலே இல்லாத அமைதியான இரவிலும் வந்திருந்தது. குமிழிகள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருக்கும் என்று நினைத்திருந்தார்கள். அறுநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் வளைந்து பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அப்படியானால் அவ்வளவு கிட்டக்கிட்ட மேல்வானக் காற்று மாறிமாறி அடிக்க வேண்டும். எது அடிக்க வைக்கிறது? கீழ்வளிமண்டலத்தின்மேல்தான் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்துக்கு டொங்காவின் எரிமலை பெரிய சாட்சி. 2022 ஜனவரி 15ஆம் திகதி ஹுங்கா டொங்கா வெடித்தபோது எழுந்த காற்றழுத்த அலை உலகைச் சுற்றி வந்தது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் செய்மதித் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த அலையோடு தொடர்புபட்ட பிளாஸ்மாக் குமிழிகள் ஆசியாவின் வானில் தோன்றியிருந்தன, 2000 கிலோமீற்றர் உயரம் வரை. வேடிக்கை என்னவென்றால், காற்றலை வந்து சேரும் முன்பே அயனமண்டலம் அங்கே கலங்கத் தொடங்கியிருந்தது. செய்தி காந்தக் கோடுகள் வழியாக மின்னாக முந்தி வந்துவிட்டது. கடலடியில் ஒரு மலை வெடித்தால் விண்வெளியில் ஓட்டை விழும் என்று முப்பது வருடங்களுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நமக்குக் கிட்டவான செய்தி சீனத்தினுடையது. ஹைனான் தீவில் நிறுவிய நெடுந்தூர றேடார், அயனமண்டலத்திலும் தரையிலும் மாறிமாறித் தெறித்து 9,600 கிலோமீற்றர் வரை பார்க்கிறது. 2023 நவெம்பர்ப் புயலின்போது எகிப்தின் பிரமிட்டுகளுக்கு மேலே ஒரு குமிழியையும், மறு திசையில் பசுபிக்கின் மிட்வே தீவுகளுக்கு மேலே இன்னொன்றையும் ஒரே இடத்திலிருந்து கண்டது. சீனா இதை எதற்காகவெல்லாம் கட்டியிருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறேன்.

ஏனென்றால் இது வெறும் வேடிக்கை அல்ல. 2002 மார்ச் 4ஆம் திகதி ஆப்கானிஸ்தானின் தாக்கூர் கார் மலையில் இறங்கப் போன அமெரிக்க ஹெலிகொப்டர் ஒன்றுக்கு, "அங்கே இறங்காதே" என்று அனுப்பிய வானொலி எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இறங்கினார்கள், சண்டையில் ஆட்கள் செத்தார்கள். அந்த நேரம் செய்மதிக்கும் அந்த மலைக்கும் இடையில் ஒரு பிளாஸ்மாக் குமிழி நின்றது என்றும், மலைகளில் பட்டுத் தெறித்த அலைகளோடு சேர்ந்து அது தொடர்பைக் கெடுத்திருக்கலாம் என்றும் 2014இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கற்பிட்டியில் தொழிலுக்குப் போகிற என் மச்சான், சில இரவுகளில் ஜீபீஎஸ் கருவியில் செய்மதிகளின் எண்ணிக்கை திடீரென்று விழுந்து, கொஞ்ச நேரத்தில் தானே ஏறும் என்கிறார். குமிழி விளிம்பைக் கடந்து வரும் சமிக்ஞை, நட்சத்திரம் மின்னுவது போல மின்னும். கருவி அதைத் தவறவிடும். இதனால் வள்ளம் வழி தவறிப் போகாது. பிழை சில மீற்றர், மோசமான இரவில் சில பத்து மீற்றர். ஆனால் ஓடுபாதையைத் தேடி இறங்குகிற விமானத்துக்குச் சில பத்து மீற்றர் என்பது உயிர்.

எந்த இரவில் குமிழி வரும்? மாதத்தைச் சொல்லலாம். ஒரு காந்தக் கோட்டின் வடக்கு நுனியும் தெற்கு நுனியும் ஒரே நேரத்தில் இருட்டுக்குள் போனால்தான் அந்த மாலை உந்து பலமாக விழும். நம் நெடுங்கோட்டில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச்சை ஒட்டியும், செப்டெம்பர் ஒக்டோபரை ஒட்டியும் நம் பருவம். பிறேசிலில் காந்தக் கோடுகள் சரிந்து கிடப்பதால் அங்கே டிசெம்பர். வருடத்தையும் சொல்லலாம்: சூரியன் பதினொரு வருடத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு வரும்போது குமிழிகள் பெருகும். இப்போதைய உச்சம் 2024இல் வந்தது. அவ்வாண்டு மே மாதம், இருபது வருடங்களில் காணாத காந்தப் புயலும் அடித்தது. ஆனால் இன்றைக்கு வந்தது நாளைக்கு ஏன் வரவில்லை என்பதை இன்னும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. போத்தல் தலைகீழாகி நிற்கிறது. முதல் நெளிவைக் கொடுப்பது யார் என்பதுதான் கேள்வி. இடிமுகில்களிலிருந்து மேலே ஏறும் காற்றலைகள் என்று பலர் நினைக்கிறார்கள். டொங்காவுக்குப் பிறகு அந்தக் கட்சிக்குப் பலம் கூடியிருக்கிறது.

இதையெல்லாம் கணக்குப் போட்டபோது ஒன்று தெரிந்தது. 1989க்கும் 1991க்கும் இடையில் சூரியன் உச்சத்தில் இருந்தது. நாங்கள் வந்தது அந்த உச்சத்துக்குள், ஒக்டோபர் பருவத்தின் முடிவில். இடம் காந்தக் கோட்டுக்கு அடியில். ஒன்பதேகால் மணி, குமிழிகள் முழு வளர்ச்சியில் நிற்கும் நேரம். வாப்பா புதுப் பற்றறி போட்ட டிசெம்பரிலோ நம் பகுதியில் பருவம் ஓய்ந்துவிடும். அவர் போட்டிருக்காவிட்டாலும் குரல் தெளிந்திருக்கும்.

பேராதனையிலிருந்து வந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சாச்சா உயிரோடு இருந்தார். வாப்பாவுக்கு எதிராகப் பேசுவதாக ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு நாள், கோல்ட் எடுத்த படத்தைத் தொலைபேசியில் காட்டி, போத்தலைத் திருப்பிக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பாவுக்கு எண்பத்திநாலு வயது. நீண்ட நேரம் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒன்று கேட்டார்:

"அப்ப மார்கழியில நான் போட்டது?"

"பழசப் போட்டிருந்தாலும் கேட்டிருக்கும் வாப்பா."

பிறகு போத்தலைத் தானே ஒரு தடவை திருப்பினார். எண்ணெய் விரல் விரலாக மேலே ஏறி அடங்கும்வரை பார்த்துவிட்டு, சாச்சாவின் மூத்த மகன் இப்போது எங்கே இருக்கிறான், நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அழுத்திக் கொடுத்தேன்.